கமலவேணி வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை

அரியலூர்
12-11-1945

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன் ஒரு மானக்கேடான சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷமாக நான் பெண்டாட்டியிடம் அடி வாங்குகிறேன் என்று ஊர் உலகம் நம்பிக்கொண்டிருக்கிறதே, அது பொய். என் தலையில் ஒரு கரண்டிகூட விழுந்தது கிடையாது. வாரப் பத்திரிகையில் ‘என் வீட்டு மகாராணி’ என்று நான் எழுதுகிற கமலவேணியை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தால் ஓடியிருப்பேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நேற்று உங்கள் பெரம்பலூர்க்காரர் ஒருவர் எங்கள் வக்கீலைப் பார்க்க வந்தார். கேஸ் கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னைக் காட்டி, “இவரு மச்சான் இளையபெருமாள் என்ன சொல்றாரு தெரியுங்களா, கமலவேணி வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறதா இல்லீங்களாம்” என்றார். வக்கீல் சிரித்தார். கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவாகிய நானும் சிரித்தேன். பழக்கதோஷம்.

அக்கா, நம் சாந்தாவை என் பையன் நல்லுசாமிக்கு என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசிக்கொண்டோம். பையனுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலையும் ஆகிவிட்டது. இளையபெருமாள் மாமா அந்த வார்த்தையை நிஜமாகச் சொன்னாரா, அல்லது வந்தவரின் கைச்சரக்கா? நிஜப் பெண்டாட்டி ஜெகதாம்பாள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா? இருபத்து நாலு வருஷத்தில் அவள் குரல் பக்கத்து அறைக்குக் கேட்டதில்லை.

அங்கே நீ, மாமா, சாந்தா எல்லோரும் சௌக்கியந்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜெகதா அடுப்படியில் இருக்கிறாள். கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் தம்பி,
சிங்காரவேலு

✻

பெரம்பலூர்
24-11-1945

தம்பி சிங்காரவேலுவுக்கு அக்கா பாப்பாயி சொல்லி எழுதுவது. கை சாந்தாவுடையது, வாய் என்னுடையது.

இங்கே மழையும் பருத்தியும் சுமார். முழங்கால் அப்படியேதான்.

மாமா சொன்னது நிஜந்தான். அவரைக் குற்றம் சொல்லாதே. வாரம் தவறாமல் உன் பத்திரிகையை வாங்கி அவர் சத்தம் போட்டுப் படிப்பார், பருத்திக்கு வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். தீபாவளி மலரில் கமலவேணி சின்னப் பெண் பாவாடைக்குத் துணி வாங்கி, இளைத்த பிறகு கட்டிக்கொள்வேன் என்று பீரோவில் பூட்டி வைத்தாளே, அதற்கு ஒருவர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகிவிட்டது. இதைக் கேட்டுவிட்டு எந்தத் தகப்பன் பெண்ணை அனுப்புவான்?

அது பொய் என்கிறாய். ஐந்து வருஷம் ஆயிரக்கணக்கான பேரிடம் பொய் சொன்னவன், ஒரு கடிதத்தில் மட்டும் மெய் சொல்வான் என்று நான் எப்படி நம்புவது? ஜெகதா நல்லவளாகத்தான் இருந்தாள். ஆனால் நான் அவளோடு சேர்ந்தாற்போல நாலு நாள் இருந்தது மலர்க்கொடி காரியத்தின்போது. ஏழு வருஷம் ஆயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படி மாறிப்போனாளோ, யாருக்குத் தெரியும்?

ஒன்று செய். ஜெகதாவைக் கார்த்திகைக்குள் இங்கே அனுப்பு. நாலு நாள் என்னோடு இருக்கட்டும். அப்புறம் நான் பேசுகிறேன். வேப்பந்தட்டையிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது, தை கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். நல்ல குடும்பம். அவர்கள் வீட்டில் யாரும் எதுவும் எழுதுவதில்லை.

அக்கா

✻

அரியலூர்
5-12-1945

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூச்சு இருக்கிறது. அங்கே அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

ஜெகதாவுக்குக் கால்வலி. தவிர உங்கள் ஊர் பஸ் பற்றி உனக்கே தெரியும். சண்டை முடிந்தும் பெட்ரோல் வந்தபாடில்லை. கரிப்புகையில் ஓடுகிற வண்டி மேடு கண்ட இடத்தில் நின்றுவிடுகிறது, ஆண்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். வலிக்கிற காலோடு அவளை எப்படி ஏற்றுவேன்?

நீ என்னை நம்பவில்லை என்பது நியாயந்தான். ஆகவே இன்னும் கொஞ்சம் மெய் சொல்கிறேன். ரசத்தில் உப்பில்லை என்று கமலவேணி சட்டியோடு தெருவில் வீசினாள் அல்லவா? வீசியவன் நான். விருந்தாளிக்கு வைத்த அதிரசத்தைத் தின்றுவிட்டு எறும்பின் மேல் பழி போட்டாள் அல்லவா? அதுவும் நான். மத்தியானம் படுத்தால் ஓடு அதிரக் குறட்டை விடுவது, குளிக்க வெந்நீர் ஆறிப்போயிற்று என்று மூன்று நாள் பேசாமலிருப்பது, எல்லாம் நான். எனக்கே ஒரு புடவையைச் சுற்றி அச்சில் ஏற்றிவிட்டேன். ஜெகதா ஓரமாக நின்று சட்டித்துண்டுகளைப் பொறுக்கினாள். அதை எழுதினால் யார் சிரிப்பார்கள்?

இன்றைக்கு ரசத்துக்குப் புளியை எவ்வளவு கரைப்பது என்று தெரியவில்லை. அதாவது, ஜெகதாவுக்குக் கால்வலி என்பதால் நான் அடுப்படிக்குப் போனேன். அரிசி களையும்போது பாதி அரிசி தண்ணீரோடு போகிறதே, அது எல்லோருக்கும் அப்படித்தானா? சாந்தாவைக் கேட்டு எழுது.

உன் தம்பி,
சிங்காரவேலு

✻

பெரம்பலூர்
14-12-1945

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அரிசியைச் சாய்த்துக் கையால் அணைத்துக்கொண்டு தண்ணீரை வடிக்க வேண்டும் என்று சாந்தா சொல்கிறாள். சொல்லும்போது சிரித்தாள்.

அதிரசம் தின்றது நீதான் என்று எனக்குத் தெரியாதா? நீ எறும்பின் மேல் பழி போட்டபோது உனக்கு வயது ஒன்பது. ஆனால் இதைச் சொல்லி நீ உன் வழக்கைக் கெடுத்துக்கொண்டாய். என் பெண் மாமியாருக்குப் பயப்பட வேண்டாம், மாமனாருக்குத்தான் பயப்பட வேண்டும் என்றா எழுதுகிறாய்? நல்ல குமாஸ்தா நீ.

கால்வலி என்றால் சும்மா விடக்கூடாது. மாமாவே வருகிறார். வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து ஜெகதாவை மெதுவாக அழைத்துவருவார். மார்கழி எட்டாம் தேதி வாக்கில் வந்துவிடுவார்.

அக்கா

✻

அரியலூர்
17-12-1945

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கோர்ட்டுக்குக்கூடப் போகாமல் பதில் எழுதுகிறேன். மாமா சிரமப்பட வேண்டாம். மார்கழியில் ஒருவரை இடம் மாற்றக்கூடாது. தவிர ஜெகதாவே உனக்கு எழுதியிருக்கிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது அல்லவா, சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

தம்பி

“அண்ணிக்கு ஜெகதாம்பாள் எழுதுவது. எனக்குக் கால்வலி. கால் வலிக்கிறது என்று நான் சொன்னால் உங்கள் தம்பி தன் காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். கரி பஸ்ஸில் ஏறலாம் என்றால், மேட்டில் தள்ளச் சொல்வார்களாம். ஒற்றைக் காலால் தள்ளுகிறவளுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று கண்டக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள். வைத்தியர் நடக்கக்கூடாது என்றார். நடக்காமல் எப்படி வைத்தியர் வீட்டிலிருந்து திரும்புவது என்று கேட்டேன், அவர் கோபித்துக்கொண்டார். கமலவேணி என்கிறவளோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. சாந்தாவை என் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்வேன்.”

✻

பெரம்பலூர்
2-1-1946

தம்பிக்கு,

மாமா வரவில்லை. நான்தான் தடுத்தேன்.

ஜெகதா எழுதியதைச் சாந்தா இரண்டு தரம் படித்துக் காட்டினாள். நன்றாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், மூன்று வேடிக்கை. இருபத்து நாலு வருஷமாக எனக்கு ஜெகதாவைத் தெரியும். அவள் ஒரு வேடிக்கையும் சொன்னதில்லை, மற்றவர் சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தும் நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டால் முதலில் என் முழங்காலைக் கேட்பாள். பிறகு வண்டி ஓட்டி வந்தவனுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பாள். மூன்றாவதாக ஒன்றும் கேட்டதில்லை. உன் கடிதத்தில் அந்த இரண்டும் இல்லை.

கடைசி வரி மட்டும் அவள் மனசில் இருக்கக்கூடியது. ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

ஜெகதா எங்கே, தம்பி?

அக்கா

✻

அரியலூர்
9-1-1946

அக்கா,

உன் கடிதத்தை ஐந்து நாள் மடியிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். இனி முடியாது, அலுத்துப்போயிற்று. வேடிக்கை பண்ணிப் பண்ணிக் கை மரத்துவிட்டது.

ஜெகதா இங்கே இல்லை. நவம்பர் எட்டாம் தேதி சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்தேன், கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம். “மீன்சுருட்டியிலேருந்து அவுங்க அண்ணன் ஆண்டவர் வண்டி வந்துச்சு, ஏறிப் போனாங்க. உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். அன்றைக்கு ஆரம்பித்த பொய். பையன் கார்த்திகைக்கு வந்தபோதும், உன் அம்மா அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன்.

ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களே, அந்தப் பாவாடை. இருநூற்றுச் சொச்சம் எழுதியிருக்கிறேன், அவளைப் பொறுத்தவரை எல்லாம் பொய். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு நடந்தது.

மலர்க்கொடி போனது ஆறு வயதில். அதற்கு மறு தீபாவளியிலிருந்து ஜெகதா வருஷா வருஷம் ஒரு பாவாடைத் துணி வாங்குவாள். வருஷத்துக்கு நாலு விரல் நீளம் கூட்டி வாங்குவாள். கையாலேயே தைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, தீபாவளியன்று ரயில்வே கேட்டுக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவாள். அந்தப் பெண்ணுக்கு அளவு சரியா என்று பார்த்ததே இல்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

போன வருஷத்திலிருந்து துணிக்குக் கன்ட்ரோல். ஐப்பசியில் பொம்பளைகள் வரிசையில் அவள் நின்றாள், ஆண்கள் வரிசையில் நான். கடைக்காரர் கார்டைப் பார்த்தார். “உங்க வூட்டுல பொண்ணு இல்லியேம்மா, பாவாடை யாருக்கு?” என்றார். “பதிமூணு வயசுப் புள்ளைக்கு” என்றாள் ஜெகதா. மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

அக்கா, வீட்டுக்கு வந்து அன்றைக்கே அதை உட்கார்ந்து எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதே. தீபாவளி மலருக்கு விஷயம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். ஜெகதா சொன்ன பதிலை எடுத்துவிட்டு, “எனக்குத்தான், இளைக்கப் போறேன்” என்று கமலவேணியைச் சொல்லவைத்தேன். இதுவரை வந்ததில் இதுதான் உச்சம் என்று ஆசிரியர் பாராட்டி எழுதினார். மலர் வந்து ஒரு வாரம் ஆகவில்லை, கதவு பூட்டியிருந்தது. சின்னம்மாள் வீட்டில் யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள். இத்தனை வருஷம் இல்லாத ஒருத்தியைக் காட்டினேன், பொறுத்துக்கொண்டாள். ஒரே ஒரு நாள் அவளையே காட்டினேன். காட்டிய லட்சணம் அப்படி.

மீன்சுருட்டிக்குப் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. சாந்தா விஷயத்தில் நீ என்ன முடிவு செய்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். என் பையனைக் குறை சொல்லாதே, அவன் எதுவும் எழுதுவதில்லை.

சிங்காரவேலு

✻

அரியலூர்
25-1-1946

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. பொங்கலுக்கு ஒரு கார்டாவது வரும் என்று பார்த்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே பொங்கல் வைத்தேன். பொங்கியது பாதி அடுப்பில், பாதி என் காலில். பத்திரிகைக்கு இரண்டு வாரமாக அனுப்பவில்லை. கமலவேணிக்கு உடம்பு சரியில்லையா என்று வாசகர்கள் கேட்கிறார்களாம். ஒருவர் திருநீறு அனுப்பியிருக்கிறார். உன் வேப்பந்தட்டைக்காரர்களுக்கு என்ன சொன்னாய் என்றாவது எழுது.

தம்பி

✻

பெரம்பலூர்
30-1-1946

அன்புள்ள மாமாவுக்குச் சாந்தா வணக்கம். நான் நலம். அம்மாவும் அப்பாவும் ஊரில் இல்லாததால் நானே எழுதுகிறேன்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். பாவாடை வந்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை, அப்பா வாங்கிப் படித்தார். அவர் படிக்கும்போது அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அம்மா அவரை எதற்கோ திட்டிக்கொண்டே இருந்தார். பொங்கல் முடிந்து அறுவடையும் முடிந்ததும் இருவரும் மீன்சுருட்டிக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

வேப்பந்தட்டைக்காரர்கள் நேற்று ஆள் அனுப்பினார்கள். அம்மா வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாமா, எனக்குச் சம்மதம் என்று நான் எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வார். அதனால் அதை எழுதவில்லை.

அரிசி இப்போது சரியாகக் களைகிறீர்களா?

சாந்தா

✻

பெரம்பலூர்
8-2-1946

தம்பி சிங்காரவேலுவுக்கு,

நேற்றுத்தான் வந்து சேர்ந்தோம். போகும்போது பஸ் அரியலூரில் அரைமணி நின்றது. உன் வீட்டுக்கு வரவில்லை. வேண்டுமென்றுதான்.

ஜெகதா நன்றாக இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முழங்காலைக் கேட்டாள், பஸ்ஸிலிருந்து எங்களை ஏற்றி வந்த வண்டிக்காரனுக்குச் சோறு போட்டாள். அவள் அண்ணன் ஆண்டவர் பெண்சாதிக்கு இரட்டைப் பிள்ளை. மாசம் ஏழாகும்போதே கால் வீங்கிப் படுத்துவிட்டாளாம், பார்க்க ஆள் இல்லை என்று ஜெகதாவைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டும் எலிக்குஞ்சு மாதிரி இருக்கின்றன, பிழைத்துக்கொள்ளும். நான் போனபோது ஒன்றுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கமலவேணியைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். “அவுரு எழுதறாரே, அந்தம்மாவா? அவுங்கபாட்டுக்கு இருக்காங்க, நான்பாட்டுக்கு இருக்கேன்” என்றாள். தீபாவளி மலர் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் படித்துக் காட்டவில்லை. நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. சொன்னால் உனக்குப் பாரம் இறங்கும், அவளுக்கு ஏறும். நீயே சும. மாமா அந்த மலரை அடுப்பில் போட்டுவிட்டார்.

என் பெண் விஷயத்தைக் கேட்டேன். “என் பொண்ணு உன்னோட இருக்க முடியுமா?” என்று அவளிடம் வாய்விட்டே கேட்டேன், சுற்றி வளைக்கவில்லை. அவள் பிள்ளையின் காலை நீவிக்கொண்டே, “சாந்தாவுக்கு முடி எம்மாம் நீளம் இருக்கும் அண்ணி?” என்று கேட்டாள். எனக்கு அது போதும். வேப்பந்தட்டைக்காரர்களுக்கு இன்று காலையே சொல்லியனுப்பிவிட்டோம். பங்குனியில் நிச்சயம் வைத்துக்கொள்வோம். நல்லுசாமிக்கு எழுது. சாந்தா இதை எழுதும்போது கையெழுத்து கோணிப்போகிறது, மன்னித்துக்கொள்.

ஜெகதா மாசி பிறந்ததும் வந்துவிடுவாள். மூன்று மாசமாக நீ ஏன் ஒரு கார்டுகூடப் போடவில்லை என்று அவள் என்னிடம் கேட்டாள்.  அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்றல்லவா நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றேன். அவளுக்கு அது விளங்கவே இல்லை. புறப்படுவதை அன்று காலையில், நீ கோர்ட்டுக்குக் கிளம்புமுன், மூன்று தரம் உன்னிடம் சொன்னாளாம். நீ ஏதோ எழுதிக்கொண்டிருந்தாயாம். எழுந்து வந்து அவள் மூட்டையை வண்டியில் தூக்கி வைத்ததே நீதானாம்.

அக்கா